தொண்டிக் கரையில் இரும்புச் சட்டை!

நள்ளிரவு. கடற்கரை. நிலா வெளிச்சம். வெள்ளைக் குதிரை ஒன்று நாலுகால் பாய்ச்சலில் வருகிறது. அதன் மேல் ஒரு வீரன். மார்பில் இரும்புக் கவசம். தலையில் இரும்புத் தொப்பி. கையில் நீண்ட வாள்.

சரித்திரத் தொடர்கதை படிக்கிறவர்களுக்கு இந்த வீரனை நன்றாகத் தெரியும். சினிமாவிலும் பார்த்திருப்பார்கள். அவன் வந்து இறங்குகிற கடற்கரைக்குத் "தொண்டி" என்று பெயர் வைத்துவிட்டால் கதை இன்னும் களை கட்டும். பழைய பெயர். சொல்லும்போதே இனிக்கிற பெயர்.

எல்லாம் சரி. அந்தக் கவசம்தான் இடிக்கிறது!

தொண்டியில் நிஜமாகவே ஒரு போர் நடந்தது. அது கற்பனை அல்ல. கல்லில் வெட்டி வைத்திருக்கிறார்கள். அந்தப் போரைத் தெரிந்துகொண்டால், இரும்புச் சட்டை மாட்டிய கதாநாயகன் எவ்வளவு சாதாரணமானவன் என்பது புரியும். கதைக்காரர்கள் கடன் வாங்கிய உடுப்பை வைத்துக்கொண்டு, சொந்த வீட்டில் இருக்கும் புதையலைத் தோண்டாமல் விட்டுவிடுகிறார்கள்.

எந்தத் தொண்டி?

முதலில் ஊரைப் பார்ப்போம்.

தொண்டி என்று இரண்டு ஊர்கள் உண்டு. சங்க நூல்களில் சேர மன்னர்களோடு சேர்த்துப் பாடப்படும் தொண்டி, மேற்குக் கடற்கரையில் இருந்தது. அது வேறு. இராமநாதபுரம் மாவட்டம் திருவாடானை வட்டத்தில் இருக்கிறதே, அதுதான் நம் தொண்டி. பாண்டிய நாட்டுத் துறைமுகம். எதிரே பாக் நீரிணை. அக்கரையில் யாழ்ப்பாணம். பக்கத்திலேயே பாசிப்பட்டினம்.

இங்கே கடல் ஆழம் குறைவு. பெரிய கப்பல் கரையை ஒட்டி வர முடியாது. தோணியும் வள்ளமும்தான் வரும். கதையில் வருவதுபோல் பாய் விரித்த மாபெரும் கப்பலிலிருந்து வீரன் நேரே மணலில் குதிக்க முடியாது. இடுப்பளவு தண்ணீரில் நடந்துதான் வரவேண்டும். இரும்புச் சட்டையோடு நடந்து பார்த்தால் தெரியும்!

பங்காளிச் சண்டை

இனி போருக்கு வருவோம்.

சுமார் 850 ஆண்டுகளுக்கு முன்பு மதுரைச் சிம்மாசனத்துக்கு இரண்டு பேர் போட்டியிட்டார்கள். ஒருவன் பராக்கிரம பாண்டியன். இன்னொருவன் குலசேகர பாண்டியன். குலசேகரன் படையோடு வந்து மதுரையை வளைத்துக்கொண்டான். உள்ளே மாட்டிக்கொண்ட பராக்கிரம பாண்டியன், இலங்கை அரசனுக்கு ஆள் அனுப்பி உதவி கேட்டான்.

அப்போது பொலன்னறுவையில் ஆண்டவன் முதலாம் பராக்கிரமபாகு. 1153 முதல் 1186 வரை ஆட்சி செய்தவன். இலங்கையில் அவனைவிடப் பெரிய ராஜா இல்லை என்று இன்றும் சொல்வார்கள். அவன் தன் தளபதி லங்காபுரனைப் படையோடு அனுப்பத் தயார் ஆனான்.

ஆனால், படை கடலைத் தாண்டுவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது! குலசேகரன் மதுரையைப் பிடித்தான். பராக்கிரம பாண்டியனையும், மனைவி மக்களையும் கொன்றுவிட்டான். வீரபாண்டியன் என்ற ஒரு மகன் மட்டும் தப்பி ஓடினான்.

உதவி கேட்டவனே போய்விட்டான். படையைத் திரும்பக் கூப்பிட்டிருக்கலாம். பராக்கிரமபாகு கூப்பிடவில்லை. "மதுரையைப் பிடித்து மகனிடம் கொடு" என்று உத்தரவு போட்டான்.

லங்காபுரன் இராமேசுவரம் பக்கம் இறங்கினான். பாம்பன் தீவில் குந்துகால் என்ற இடத்தில் ஒரு கோட்டை கட்டினான். அதற்குப் பராக்கிரமபுரம் என்று தன் அரசனின் பெயரை வைத்தான். (1897ஆம் ஆண்டு ஜனவரியில் விவேகானந்தர் அமெரிக்கப் பயணம் முடிந்து வந்து இறங்கியதும் இதே குந்துகாலில்தான்.)

அங்கிருந்து படை உள்நாட்டுக்குள் புகுந்தது. ஊர் ஊராகச் சண்டை. இலங்கையில் பிக்குகள் பாலி மொழியில் எழுதிய "சூளவம்சம்" என்ற நூல், அந்த ஊர்ப்பெயர்களை வரிசையாகச் சொல்கிறது. வேற்று மொழியில் எழுதியதால் பெயர்கள் சற்றே திரிந்திருக்கின்றன. ஆனாலும், இராமநாதபுரம், சிவகங்கைப் பக்கத்துக்காரர்கள் அவற்றைப் படித்தால், "அட, இது நம்ம ஊர் அல்லவா!" என்று சொல்வார்கள். அஞ்சுக்கோட்டை, செம்பொன்மாரி என்று எல்லாம் தெரிந்த பெயர்கள்.

காஞ்சியில் கிலி

குலசேகரன் தாக்குப்பிடிக்க முடியாமல் சோழ மன்னனிடம் ஓடினான். சோழ நாட்டில் அப்போது இரண்டாம் இராஜாதிராஜன் ஆட்சி. சோழப் படை கிளம்பியது. தொண்டியிலும் பாசியிலும் இலங்கைப் படைக்கும் சோழனின் சாமந்தர்களுக்கும் சண்டை நடந்தது.

இதை எங்கே எழுதி வைத்திருக்கிறார்கள் தெரியுமா? தொண்டியில் அல்ல. காஞ்சிபுரத்துக்குப் பக்கத்தில் உள்ள ஆர்ப்பாக்கம் என்ற ஊரில்! தொண்டிக்கும் ஆர்ப்பாக்கத்துக்கும் எவ்வளவு தூரம்! தொண்டியில் நடந்த சண்டைக்கு அங்கே ஏன் கல்வெட்டு?

காரணம், பயம்.

இலங்கைப் படை பாண்டிய நாட்டைப் பிடித்துவிட்டது, தொண்டியிலும் பாசியிலும் சண்டை நடக்கிறது என்ற செய்தி பரவியதும், சோழ நாட்டு ஜனங்கள் நடுங்கிப்போனார்கள். எதிரிலிசோழ சம்புவராயன் என்ற சிற்றரசனுக்கும் கவலை வந்தது. அவன் ஒரு பெரியவரிடம் போனான். உமாபதி தேவர் என்று பெயர். ஞானசிவ தேவர் என்றும் சொல்வார்கள். "இந்த ஆபத்து நீங்க ஏதாவது செய்ய வேண்டும்" என்று கேட்டுக்கொண்டான். அவர் 28 நாட்கள் இடைவிடாமல் பூஜை செய்தார். பிறகு, இலங்கைத் தளபதிகள் தோற்றுவிட்டார்கள் என்று கடிதம் வந்தது. சம்புவராயன் மகிழ்ச்சியில் ஆர்ப்பாக்கம் கிராமத்தையே பெரியவருக்குத் தானமாகக் கொடுத்துவிட்டான். அந்தத் தானத்தைச் சொல்லத்தான் கல்வெட்டு. போர்ச் செய்தி அதில் ஒட்டிக்கொண்டு வந்தது.

யோசித்துப் பாருங்கள். போர்முனையிலிருந்து வெகு தூரத்தில் ஓர் ஊர். என்ன ஆகுமோ என்று தெரியாத ஜனங்கள். 28 நாட்கள் காத்திருப்பு. கடைசியில் ஓலை வருகிறது. ஒரு வாள் கூட வீசாமல் நாலு அத்தியாயம் எழுதலாமே!

யார் ஜெயித்தது?

இங்கேதான் வேடிக்கை இருக்கிறது.

சூளவம்சத்தைப் படித்தால் லங்காபுரனுக்கு வெற்றிமேல் வெற்றி. சோழர் படையாலும் பிடிக்க முடியாத செம்பொன்மாரிக் கோட்டையை, நம் படை அரை நாளில் பிடித்தது என்று பெருமை பேசுகிறது. வீரபாண்டியனுக்கு முடி சூட்டியாயிற்று. பராக்கிரமபாகுவின் காசு பாண்டிய நாட்டில் செலாவணி ஆயிற்று என்று சுபமாக முடிக்கிறது. லங்காபுரன் தோற்றான் என்று ஒரு வார்த்தை கிடையாது.

மயிலாடுதுறைப் பக்கம் பல்லவராயன்பேட்டை என்று ஓர் ஊர். அங்கே உள்ள சோழர் கல்வெட்டு வேறு கதை சொல்கிறது. சோழத் தளபதி திருச்சிற்றம்பலமுடையான் பெருமானம்பிப் பல்லவராயன் இலங்கைப் படையை முறியடித்தான். லங்காபுரனையும் மற்றத் தளபதிகளையும் கொன்று, அவர்கள் தலைகளை மதுரைக் கோட்டை வாயிலில் ஆணி அடித்து மாட்டினான் என்கிறது.

ஒரே போர். இரண்டு வெற்றி விழா!

இத்தோடும் முடியவில்லை. சில ஆண்டுகள் கழித்து, திருவாலங்காட்டுக் கல்வெட்டு இன்னொரு திருப்பத்தைச் சொல்கிறது. சோழர்கள் யாருக்காக இவ்வளவு ரத்தம் சிந்தினார்களோ, அந்தக் குலசேகரனே ரகசியமாகப் பராக்கிரமபாகுவோடு சேர்ந்துகொண்டான்! மதுரைக் கோட்டை வாயிலில் மாட்டியிருந்த இலங்கைத் தளபதிகளின் தலைகளை எடுக்கச் சொன்னான். சோழனுக்கு வந்ததே கோபம்! அவனைத் துரத்திவிட்டு, யாரை எதிர்த்துச் சண்டை போட்டார்களோ அந்த வீரபாண்டியனையே மதுரையில் உட்கார வைத்தார்கள்.

அதே சமயம் அக்கரையில் ஊராத்துறை, மாதோட்டம், வலிகாமம் ஆகிய இடங்களில் பராக்கிரமபாகு படை திரட்டிக் கப்பல் கட்டினான். அண்ணன் பல்லவராயன் என்ற சோழ அதிகாரி சும்மா இருக்கவில்லை. பராக்கிரமபாகுவின் மருமகன் சீவல்லவனைத் தன் பக்கம் இழுத்து, படை கொடுத்து அந்த இடங்களை அழிக்கச் செய்தான்.

துரோகம், பழிக்குப் பழி, கட்சி மாறுதல், கப்பல், கோட்டை, தப்பி ஓடிய இளவரசன். தொடர்கதைக்கு இதைவிட என்ன வேண்டும்? இதை விட்டுவிட்டு இல்லாத கவசத்துக்கு ஏன் பாலீஷ் போட வேண்டும்?

சட்டை இல்லாத வீரன்

அந்தக் காலத்துப் போர்வீரன் எப்படி இருந்தான்?

செங்கம் பக்கத்தில் பல்லவர் காலத்து நடுகற்கள் நிறைய உண்டு. சண்டையில் செத்த வீரனுக்கு ஊரார் நட்ட கல். அதில் வீரன் வில்லோடும் குறுவாளோடும் நிற்கிறான். இடுப்பில் துணி. மேலே சட்டை கிடையாது. சில கற்களில் உடம்பில் அம்பு தைத்திருக்கிறது.

சிற்பி அழகுக்காகச் சட்டையைக் கழற்றிவிட்டான் என்று யாராவது வாதாடலாம். மார்க்கோ போலோவுக்கு அந்தக் கவலை இல்லை. 1292ஆம் ஆண்டையொட்டிப் பாண்டிய நாட்டுக்கு வந்த இத்தாலிய வியாபாரி அவர். இந்த நாட்டார் வெற்றுடம்போடு, ஈட்டியும் கேடயமும் மட்டும் எடுத்துக்கொண்டு போருக்குப் போகிறார்கள் என்று ஆச்சரியப்பட்டு எழுதினார். (இவர்கள் நல்ல வீரர்கள் இல்லை என்றும் சேர்த்து எழுதிவிட்டார். அதை நம்ப வேண்டியதில்லை. சட்டை போடாதவன் கோழை என்று நினைத்தார் போலும்!)

கவசமே கிடையாது என்று சொல்லக்கூடாது. கவசம், மெய்ம்மறை என்ற சொற்கள் பழைய நூல்களிலேயே உண்டு. புலித்தோல் கவசம் அணிந்த ஓர் அரசனைப் புறநானூறு காட்டுகிறது. ஆனால் அது அரசன். யானை மேல் வருகிறவன். ஆயிரக்கணக்கில் நடந்து போனவனுக்குக் கையில் இருந்த கேடயம்தான் கவசம். பழைய தமிழில் கேடயத்துக்குத் "தோல்" என்றே ஒரு பெயர். எதனால் செய்தார்கள் என்பது பெயரிலேயே தெரிகிறது.

இரும்பு இல்லாமலா இப்படி? இல்லை. நல்ல உருக்கு செய்வதில் தமிழ்நாடு பெயர் பெற்றது. ஈரோடு மாவட்டம் கொடுமணலில் பழைய உருக்கு உலைகளைத் தோண்டி எடுத்திருக்கிறார்கள். தென்னாட்டு உருக்கு வெளிநாட்டுக்குப் போய் வாளாக மாறியது. இரும்பு இருந்தது. ஆனால் வெயிலும் இருந்தது! சித்திரை, வைகாசியில் தொண்டி மணலில் பகல் பன்னிரண்டு மணிக்கு வெறுங்காலோடு நின்றவர்களுக்கு அது தெரியும். அங்கே இரும்புச் சட்டை என்பது கவசம் அல்ல, தோசைக்கல்.

இதற்குச் சரித்திரத்திலேயே சாட்சி உண்டு. தொண்டிப் போர் நடந்து இருபது வருஷம்கூட ஆகவில்லை. 1187ஆம் ஆண்டு ஜூலை 4ஆம் தேதி, பாலஸ்தீனத்தில் ஹத்தீன் என்ற இடத்தில் பெரிய போர். ஒரு பக்கம் சுல்தான் சலாவுதீன். மறுபக்கம் ஐரோப்பாவிலிருந்து வந்து அங்கே ஆண்ட சிலுவைப்போர் வீரர்கள். அவர்கள் உடம்பில் இரும்பு வளையங்களைக் கோத்த சட்டை. கோடை வெயில். குடிக்கத் தண்ணீர் இல்லை. தாகத்தால் சுருண்டு விழுந்தார்கள். சலாவுதீன் ஜெயித்தார்.

இன்னொரு சங்கதி. முகம் முதல் பாதம் வரை தகடு தகடாகப் பளபளக்கும் கவசம் இருக்கிறதே, சினிமாவில் பார்க்கிறோமே, அது 12ஆம் நூற்றாண்டில் ஐரோப்பாவிலேயே கிடையாது. 1400ஆம் ஆண்டையொட்டித்தான் அது முழு உருவம் பெற்றது. எடை 20 முதல் 25 கிலோ. நம் கதாநாயகன் 230 வருஷம் முன்னதாகவே, அதுவும் பாண்டிய நாட்டில், அதைப் போட்டுக்கொண்டு வந்துவிடுகிறான்!

செத்துப்போன குதிரைகள்

வெள்ளைக் குதிரை விஷயத்துக்கு வருவோம். குதிரை பொய் அல்ல. ஆனால், கதையில் வருவதுபோல் அது மலிவும் அல்ல.

பாண்டிய நாட்டில் நல்ல குதிரை பிறப்பதில்லை. அரபு நாட்டிலிருந்தும் பாரசீகத்திலிருந்தும் கப்பலில் வந்தது. 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஒரு குதிரைக்கு 220 பொன் தினார் விலை என்று வஸ்ஸாப் என்ற பாரசீக ஆசிரியர் எழுதியிருக்கிறார். வழியில் கடலில் செத்துப்போன குதிரைக்கும் பாண்டியன் கஜானாவிலிருந்து பணம் கொடுக்க வேண்டுமாம்! வியாபாரி கெட்டிக்காரன்.

கரை சேர்ந்த குதிரையும் பிழைப்பது அரிது. வேக வைத்த அரிசியும் இறைச்சியும் போட்டு வளர்த்தார்கள் என்கிறார் மார்க்கோ போலோ. குதிரை வைத்தியம் தெரிந்தவர் இங்கே இல்லை. தெரிந்தவர்களை வியாபாரிகள் அழைத்து வருவதும் இல்லை. குதிரை செத்தால்தானே அடுத்த வருஷம் வியாபாரம்! ஆகவே, வருஷா வருஷம் குதிரைகள் வந்தன, வருஷா வருஷம் செத்தன.

குதிரை வீரனைப் பற்றி நூறு கதை வந்துவிட்டது. நோயாளிக் குதிரைக்குப் பக்கத்தில் என்ன செய்வது என்று தெரியாமல் விடிய விடிய உட்கார்ந்திருந்த குதிரைக்காரனைப் பற்றி ஒரு கதை வந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும்!

கற்பனைக்குத் தடையா?

"கதை என்றால் கற்பனைதானே? இதற்கெல்லாம் கணக்குப் பார்த்தால் எழுத முடியுமா?" என்று கேட்கலாம்.

கற்பனை நாடு என்றால் கேள்வியே இல்லை. 2015லும் 2017லும் வந்த "பாகுபலி" படங்களில் மகிழ்மதி என்று ஒரு நாடு. அது எந்த வரைபடத்திலும் இல்லை. அங்கே வீரன் தங்கச் சட்டை போடலாம். பறக்கவும் செய்யலாம். மந்திரவாதி கதையை மந்திரவாதி கதையாகவே ரசிக்கலாம்.

ஆனால் மதுரை என்றும், தொண்டி என்றும், சோழன் என்றும் பெயர் போட்டுவிட்டால் சங்கதி வேறு. நம் வீடுகளில் அதிகம் பேர் சரித்திரம் கற்றுக்கொள்வது பள்ளிப் புத்தகத்தில் அல்ல, தொடர்கதையில். எழுத்துக் கூட்டிப் படிக்கத் தொடங்கிய எத்தனையோ பேரைச் சரளமாகப் படிக்க வைத்ததே தொடர்கதைதான். கதையில் வருவதை அவர்கள் உண்மை என்றே எடுத்துக்கொள்கிறார்கள். தாத்தா பேரனுக்குச் சொல்கிறார். பேரன் அதைப் படமாக வரைகிறான். அந்தப் படத்தில் நம் முன்னோர் வெள்ளைக்காரன் உடுப்பில் நிற்கிறார்கள்!

கல்கி இதை உணர்ந்தவர். 1950 முதல் 1954 வரை "பொன்னியின் செல்வன்" எழுதியபோது, ஓவியர் மணியத்தை அழைத்துக்கொண்டு இலங்கைக்குப் போனார். இடங்களையும் சிலைகளையும் நேரில் பார்த்துவிட்டு எழுதினார், வரைய வைத்தார். அதனால் கற்பனை குறைந்துவிட்டதா? ஜனங்கள் படிக்காமல் விட்டுவிட்டார்களா? அந்தக் கதை இன்றும் விற்கிறது. 2022லும் 2023லும் சினிமாவாகவும் வந்தது.

உடுப்பு மட்டும் அல்ல குறை. ஒரு கட்சிக் கதை என்பது அதைவிடப் பெரிய குறை. தமிழன் எழுதினால் சிங்களவன் எல்லோரும் வஞ்சகர். அங்கே எழுதினால் தமிழன் எல்லோரும் கொள்ளைக்காரர். தொண்டிப் போரில் அப்படிப் பிரிக்கவே முடியாது. சிங்களப் படை வந்தது ஒரு பாண்டியன் கூப்பிட்டதால். சோழப் படை வந்தது இன்னொரு பாண்டியன் கூப்பிட்டதால். நடுவில் ஊர்கள் எரிந்தன. எரித்ததைச் சூளவம்சமே மறைக்காமல் சொல்கிறது. இரண்டு படைக்கும் சோறு போட்டவன், தோணி ஓட்டியவன், வீட்டை இழந்தவன் எல்லாம் இந்தக் கரைக்காரன்தான்.

மாட்டுக் கொம்பில் மருந்து

இதே பராக்கிரமபாகு, பர்மா மீதும் கப்பல் படை அனுப்பினான். கப்பலில் என்னென்ன ஏற்றினார்கள் என்ற பட்டியலைச் சூளவம்சம் தருகிறது. படிக்கும்போது மயிர்க்கூச்செறிகிறது. ஒரு வருஷத்துக்கு உணவு. ஆயுதங்கள், கவசங்கள். அதோடு விஷ அம்பு பட்ட காயத்துக்கு மாட்டுக் கொம்புகளில் அடைத்த மருந்து. சதுப்பு நிலத்துக் கெட்ட தண்ணீரைக் குடித்தால் முறிக்க மருந்து. உடம்பில் ஆழமாகத் தைத்த அம்பு முனையைப் பிடுங்க இரும்பு இடுக்கி. கை தேர்ந்த வைத்தியர்கள். பணிவிடை செய்யப் பெண்கள்.

அன்றைய போர் இதுதான்! பளபளக்கும் மார்புக் கவசம் அல்ல. ரத்தம் படிந்த இடுக்கி. நாவலில் அந்த இடுக்கியைப் பிடித்திருக்கும் வைத்தியனை எப்போது பார்ப்போம்?

பல்லவராயன்பேட்டைக் கல்வெட்டிலும் இப்படி ஒரு பக்கம் உண்டு. தலைகளைக் கோட்டை வாயிலில் மாட்டிய அதே பல்லவராயன், பிறகு நோய்வாய்ப்பட்டு இறந்துபோனான். கல்வெட்டு அவன் குடும்பத்துக்கு நிலம் பிரித்துக் கொடுத்ததைச் சொல்கிறது. மனைவியருக்கு, மக்களுக்கு, தாய்க்கு என்று கணக்கு நீள்கிறது. ஊரையே நடுங்க வைத்தவனின் வீட்டில் கடைசியில் இருந்தது, துணை இழந்த பெண்களும் பாகப் பிரிவினையும்.

தோற்றவர்கள் கதி என்ன? போரில் பிடிபட்ட தமிழர்களை லங்காபுரன் கப்பலில் ஏற்றி இலங்கைக்கு அனுப்பினான். அவர்களைக் கொண்டு பொலன்னறுவையில் பராக்கிரமபாகு ஒரு மாபெரும் தூபி எழுப்பத் தொடங்கினான். சிங்களத்தில் "தெமள மகா சேய". அதாவது, தமிழர் பெருந்தூபி. வேலை முழுமை பெறவில்லை. இன்றும் பொலன்னறுவைக்குப் போனால் அது மரம் முளைத்த குன்றுபோல் நிற்கிறது. தொண்டிப் போர் நடந்த நாட்டிலிருந்து போன கைகள் அடுக்கிய செங்கல் அந்தக் குன்றுக்குள் இருக்கிறது.